பிரித்தெடுத்த சிவப்பு

இப்திசாமின் உடுப்பிலிருந்த சிவப்புத் தையலைப் பிரித்தது நான்தான். பிரிக்கச் சொன்னது கஜந்தி அக்கா. ஆனால் பிளேடைப் பிடித்திருந்த கை என்னுடையது. இதை இதுவரை இரண்டு பேரிடம் வாய் திறந்து சொல்லியிருக்கிறேன். எனக்கு அது பெரிய எண்ணிக்கை.

கஜந்தி அக்காவின் தையல் கடை டோர்ட்மண்டின் வடக்குப் பக்கத்தில், சுரங்க ரயில் படிகளில் ஏறி வந்தால் இரண்டாவது தெருவில் இருக்கிறது. களிசான் காலின் நீளம் குறைப்பது, சிப் மாற்றுவது, ஜன்னல் சீலை வெட்டுவது, எங்கள் ஆட்களுக்குச் சேலைச் சட்டை தைப்பது. பதினோராம் வகுப்பின் நடுவில் நான் பள்ளிக்கூடம் போகாமல் விட்ட பிறகு அம்மா என்னை அங்கே கொண்டுபோய் விட்டார். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காததற்கே புள்ளி குறைத்தார்கள். கடையில் அந்தத் தொல்லை இல்லை.

செப்டெம்பர் முதல் செவ்வாய்க்கிழமை மத்தியானம் இப்திசாம் வந்தாள். நாற்பது வயது இருக்கும். உயரம். கின்டர்கார்டன் சமையலறையில் வேலை என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவள் கையிலிருந்து வெங்காய மணம் மட்டும் வந்தது. ஒரு தலையணை உறைக்குள்ளிருந்து கறுப்பு உடுப்பொன்றை எடுத்து மேசையில் விரித்தாள். கழுத்திலிருந்து கால்வரை நீளம், அகலமான கை. நெஞ்சிலும் கையிலும் பக்கங்களிலும் பெருக்கல் குறி போன்ற சின்னச் சின்னப் புள்ளடித் தையல். எல்லாம் நீலம். கை ஓரத்தில் மட்டும் பச்சைக் கரை.

கஜந்தி அக்கா எந்த உடுப்பையும் முதலில் உட்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். இதைத் திருப்பினார். பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருந்தது. ஒரு முடிச்சு இல்லை, தொங்கும் நூல் இல்லை.

"மெஷின் இல்லை" என்று எனக்குத் தமிழில் சொன்னார். "கை வேலையடி பிள்ளை. கண் போயிருக்கும்."

"கை கொஞ்சம் நீளம். குறைக்க வேணும்" என்று இப்திசாம் ஜெர்மனில் சொன்னாள். "அக்டோபர் இருபத்தைந்து, சனிக்கிழமை, ஹம் நகரத்தில் ஒரு கல்யாண வீட்டு மருதாணி விழா. அன்றைக்கு நான் இதைத்தான் உடுத்த வேணும். இது இல்லாமல் நான் அங்கே போவதும் ஒன்று, போகாமல் விடுவதும் ஒன்று. அதுவரை உடுப்பு இங்கேயே இருக்கட்டும். வீட்டில் வைக்க இடமில்லை."

ஒரு உடுப்பு வைக்க இடமில்லாத வீடு எப்படி இருக்கும் என்று நான் யோசித்தேன்.

கை நீளத்தைப் பார்க்க வேண்டும் என்று உடுப்போடு திரைக்குப் பின்னால் போனாள். எங்கள் உடுப்பு மாற்றும் இடம் ஒரு ஸ்டூல் போடும் அளவுதான். திரை முழங்காலுக்குக் கீழே இறங்காது. கால்கள் வெளியே தெரியும். ஒருவர் உடுப்பு மாற்றினால் கால்கள் மாறி மாறி நிற்கும். இப்திசாமின் கால்கள் பக்கத்தில் பக்கமாக வைத்தபடி அசையாமல் இருந்தன. உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, "அடுத்த செவ்வாய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கையைக் குறைத்து வைத்தோம். அடுத்த செவ்வாய் வந்தாள். அணிந்து பார்க்க ஒரு மணி நேரம். இப்போது பக்கத் தையலை அரை அங்குலம் விட வேண்டுமாம். அதற்கடுத்த செவ்வாய் கழுத்துக்குக் கொக்கி. பிறகு கக்கத்துக்குத் துண்டு. ஒரு உடுப்புக்கு ஒரே நாளில் சொல்லி முடிக்க வேண்டிய வேலையை ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"உவள் உடுப்புத் திருத்த வாறவள் மாதிரி இல்லை" என்றார் கஜந்தி அக்கா. "உள்ளுக்கை போய் என்ன செய்யிறாள்? கதைக்கிற சத்தமும் இல்லை. டெலிபோனும் இல்லை. நீ கால் கிட்டப் போய்ப் பார் ஒருக்கா."

நான் தரை கூட்டுவதுபோலப் போய்ப் பார்த்தேன். கறுப்புச் சப்பாத்து இரண்டு. பக்கத்தில் தரையில் ஒரு சின்னச் சிவப்பு நூல் துண்டு. எடுத்துக்கொண்டேன். எங்கள் கடையில் இருக்கும் ஒரு சிவப்போடும் அது சேரவில்லை. எல்லா நூல்கட்டையோடும் வைத்துப் பார்த்தேன்.

கஜந்தி அக்கா இப்படிப் பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. அவர் ஜெர்மன் குடியுரிமைக்கு அந்த்ராக் என்ற விண்ணப்பம் போட்டு இருபது மாதம். போன வருடம் அவருடைய தம்பி மிதுஷன் ஒரு நினைவு ஊர்வலத்துக்குப் போனபோது, குளிர்ச்சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்த ஒரு தடைசெய்த கொடிக்காகப் பொலிஸ் பிடித்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வரிசையாக அரசாங்கத்தின் மஞ்சள் உறைக் கடிதம் வந்தது. தம்பிக்கு வந்த கடிதமாக இருந்தாலும் முகவரி ஒன்றுதான். இப்போதும் அக்கா தபால்பெட்டியைத் திறக்குமுன் துவாரத்தால் உறையின் நிறத்தைப் பார்ப்பார்.

மூன்றாவது செவ்வாயோ நாலாவதோ, இப்திசாம் போகும்போது அக்காவின் நெற்றியைக் காட்டிக் கேட்டாள்.

"அந்தச் சிவப்பு என்ன?"

"கல்யாணம் கட்டினவள் என்று அர்த்தம்."

"உன் கணவர் எங்கே? ஒருநாளும் காணவில்லை."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "தெரியாது" என்றார்.

அது உண்மை. ஊரில் யுத்தம் முடிந்த இரண்டாயிரத்தொன்பதாம் ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு யாருக்கும் தெரியாது. ஹம் கோயிலில் அக்காவின் பொட்டைப் பற்றி முதுகுக்குப் பின்னால் கதைப்பவர்கள் உண்டு. இப்திசாம் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் போன பிறகு அக்கா சொன்னார்: "பாத்தியே, விடுப்புக் கேக்கிறாள். எங்களைப் பற்றி அறிஞ்சு வைக்கிறாள்."

அக்டோபர் நடுவில், ஏழாவது செவ்வாய்க்கு அடுத்த சனிக்கிழமை, உடுப்பை மினுக்கி வைக்கலாம் என்று எடுத்தேன். அயன் பெட்டி கீழ் ஓரத்தில் தட்டுப்பட்டது. தொட்டுப் பார்த்தால் தடிப்பு. கீழ் விளிம்பு ஒரு சாண் அளவுக்கு உள்ளே மடித்து நூலோட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்த மடிப்பு எங்கள் வேலை இல்லை. நான் ஒருவரையும் கேட்காமல் நூலோட்டத்தை உருவினேன்.

உள்ளே சிவப்பு. விளிம்பைச் சுற்றிச் சிவப்பு முக்கோணங்கள். எண்ணினேன், பதினான்கு. ஒவ்வொன்றும் என் இரண்டு விரல் அகலம், முழுக்கப் புள்ளடி.

அந்த நேரம் பார்த்து அரியரத்தினம் அண்ணை களிசானோடு உள்ளே வந்தார். அவர் முன்பு பஸ் ஓட்டியவர். ஓய்வெடுத்த பிறகு மாதத்துக்கு ஒரு களிசானாவது திருத்தக் கொண்டுவருவார். களிசான் சாட்டு, கதைதான் வேலை.

"உது என்ன கஜந்தி, திரைச்சீலையோ?"

"இல்லை அண்ணை, ஒரு பலஸ்தீனப் பிள்ளையின்ர உடுப்பு." அக்கா உடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். முகம் மாறியிருந்தது. "தக்சா, இது எப்ப வந்தது?"

"தெரியாது அக்கா. நாங்கள் தைக்கேல்லை."

அரியரத்தினம் அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். "கறுப்புத் துணி. பச்சைக் கரை. இப்ப சிவப்பு. இன்னும் வெள்ளை ஒண்டுதான் குறை. இது உடுப்பில்லை பிள்ளை, கொடி."

"விசர்க் கதை கதையாதேங்கோ."

"நான் ஏன் விசர்க் கதை கதைக்கிறன்? இஞ்ச பாருங்கோ." போனைத் தடவி ஒரு படத்தைக் காட்டினார். ஒரு பெண், நெஞ்சு நிறையத் தைத்த உடுப்பு, தையலுக்குள் சின்னச் சின்னக் கொடிகள். "அங்க ஒரு காலத்தில கொடி பிடிக்க விடேல்லையாம். பெண்டுகள் உடுப்பில தைச்சுப் போட்டுக்கொண்டு திரிஞ்சவையாம். கெட்டிக்காரியள். அதோட, இந்தச் சிவப்பு முக்கோணமும் இஞ்ச பிரச்சினை எண்டு நியூஸில போனது."

"எந்த முக்கோணம்?"

"அது வடிவாத் தெரியாது. முக்கோணம்தான்."

"கொடி தைக்கிறதெண்டால் தன்ர வீட்டில தைக்கட்டுமே! ஏன் என்ர கடையில ஒளிச்சு இருந்து தைக்கிறாள்?"

"அதுதானே கேள்வி" என்றார் அரியரத்தினம் அண்ணை. கேள்வியை அங்கேயே வைத்துவிட்டுக் களிசானோடு போய்விட்டார். களிசானைக் கொடுக்க மறந்திருந்தார்.

அக்கா கதவைப் பூட்டினார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒருநாளும் பூட்டுவதில்லை.

"திங்கட்கிழமை முழுக்கப் பிரிச்செடு. மடிப்பை முந்தி மாதிரியே நூலோட்டி வை. அவள் கேட்டால் எங்களுக்கு ஒண்டும் தெரியாது. விளங்கினதே?"

எனக்கு விளங்கவில்லை. திரைக்குப் பின்னால் இருந்து கொடி தைக்கிற ஒருத்தி, யாரும் திருப்பிப் பார்க்காத பின்பக்கத்தை இவ்வளவு சுத்தமாகத் தைப்பாளா? ஒளிக்க வேண்டிய உடுப்பை ஏன் எங்கள் கையிலேயே விட்டுப்போகிறாள்? அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே? இந்த மூன்றும் வாய்வரை வந்தன. நான் சொன்னது, "ஓம் அக்கா."

தையல் கடைக்காரர் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. துணியை உட்பக்கம் திருப்பி, பிளேட்டின் நுனியால் பின்பக்கத்து நூலை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு போக வேண்டும். பிறகு முன்பக்கம் திருப்பி, இடுக்கி போன்ற சாவணத்தால் துண்டு துண்டாக இழுக்க வேண்டும். துணிக்குக் காயம் வராது. நூல்தான் ஒன்றுக்கும் உதவாமல் போகும். அரிசியை விடச் சின்னத் துண்டுகளாக வந்தன. கஜந்தி அக்காவின் கடையில் இன்னொரு சட்டம்: வாடிக்கையாளர் உடுப்பை வாங்கிப் போகும்வரை அதிலிருந்து விழுந்த எதையும் எறியக்கூடாது, கழன்ற தெறியோ, நூலோ, கிழிந்த லேபலோ. அதனால் சிவப்புத் துண்டுகளையெல்லாம் சட்டைத் தெறிகள் போட்டு வைக்கும் பிஸ்கட் பேணிகளில் காலியான ஒன்றில் போட்டு, மூடியில் அவள் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதினேன்.

முடித்துவிட்டு உடுப்பை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். சிவப்பு போய்விட்டது. துளைகள் போகவில்லை. பதினான்கு முக்கோணங்களும் வெளிச்சப் பொட்டுகளாகத் தெரிந்தன.

செவ்வாய்க்கிழமை இப்திசாம் சிரித்துக்கொண்டு வந்தாள். "கடைசி முறை. இனி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்" என்று உடுப்போடு திரைக்குப் பின்னால் போனாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நூலோட்டம் உருவும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கால்கள் எழுந்து நின்றன.

திரை விலகியது.

"சுவாத் இங்கே வந்தாளா?"

அக்கா ஜெர்மனில், "எந்த சுவாத்?" என்றார்.

"என் கணவரின் அண்ணன் மனைவி. நடிக்காதே. எப்போது வந்தாள்? உங்களிடம் என்ன சொன்னாள்? என்ன தருவதாகச் சொன்னாள்?"

"யாரும் வரவில்லை. நீதான் எங்களிடம் பொய் சொன்னாய். என் கடையில் கொடி வேண்டாம். எனக்கு அந்த்ராக் இருக்கிறது. பொலிஸ் வந்தால் நீயா குடியுரிமை அலுவலகத்துக்குப் போய் என் டெர்மினில் பேசுவாய்?"

"என்ன கொடி?"

"சிவப்பு, கறுப்பு, பச்சை. முக்கோணம்! எங்களுக்குக் கண் இருக்கிறது."

இப்திசாம் அக்காவை வெறித்துப் பார்த்தாள். அவள் நம்பவில்லை. சுவாத் சொல்லிக்கொடுத்த கதை இது என்று நினைத்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. கடையின் பின்கதவைப் பார்த்தாள், அங்கே யாரோ நிற்பதுபோல. கைப்பையைத் தோளில் மாட்டினாள். அவள் போனால் இனி வரமாட்டாள்.

"நான்தான் பிரித்தேன்" என்றேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. "நேற்று. இங்கே. கொடி என்று நினைத்துத்தான். சுவாத் யாரென்று எனக்குத் தெரியாது." பேணியைத் திறந்து காட்டினேன்.

இப்திசாம் அதற்குள் விரலை விட்டாள். பிறகு ஸ்டூலை இழுத்துத் திரைக்கு வெளியே போட்டு உட்கார்ந்தாள்.

"முக்கோணம் தாயத்து" என்றாள். "கண்ணூறு படாமல் இருக்கத் தைப்பது. என் அம்மாவின் ஆட்கள் காஸாவுக்குத் துரத்தப்படுவதற்கு முன் தெற்குப் பாலைவனத்தில் இருந்தவர்கள். எங்களில் கணவன் செத்தவள் நீலம்தான் தைப்பாள். என் கணவர் நாலு வருடம் முன்னால் செத்தார். இந்த நீலம் முழுக்க அதற்குப் பிறகு தைத்தது." பேணியின் மூடியைப் போட்டாள். "அவள் இன்னொருவனுக்குச் சம்மதம் என்றால், நீலத்துக்குக் கீழே சிவப்பு வைப்பாள். யாரிடமும் போய்ச் சொல்லத் தேவையில்லை. பார்க்கிறவர்களுக்குத் தெரியும்."

ஆளின் பெயர் நிதால். ஹம்மில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். அவருடைய மூத்த சகோதரி ஃபதியாவின் மகளுக்குத்தான் சனிக்கிழமை மருதாணி. ஃபதியாவும் அந்தத் தெற்கு ஆட்கள். கோடை காலத்தில் இப்திசாமைப் பெண் கேட்டனுப்பியிருக்கிறார்கள். பதில் சொல்ல அந்தச் சனிக்கிழமைவரை தவணை. இப்திசாம் இருப்பது கணவனின் அண்ணன் வீட்டில். சுவாத் நகரத்துக்காரி. உடுப்பில் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரியாது. ஆனால் தைப்பதைக் கண்டால் எதற்கு, யாருக்கு என்று கேட்பாள். கேட்டால் வீட்டில் சண்டை தொடங்கிவிடும்.

"ஏன் இவ்வளவு சிரமம்?" என்றார் கஜந்தி அக்கா. குரல் இறங்கியிருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "டெலிபோன் எடுத்து ஓம் என்று சொன்னால் முடிந்ததே."

இப்திசாம் அக்காவின் நெற்றியைப் பார்த்தாள். "நீ அதை யாருக்காவது டெலிபோனில் சொன்னாயா?"

அக்காவின் கை நெற்றிவரை போய், தொடாமல் இறங்கியது. எழுந்து பின்பக்கம் போனார். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஜன்னலோர மேசையிலிருந்த என் தையல் மெஷினைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"இஞ்ச வெளிச்சம் நல்லது எண்டு சொல்லு அவளுக்கு" என்றார் எனக்கு. அவருக்கே ஜெர்மன் தெரியும். "நாங்கள் மூண்டு பேரும் இருந்தால் வெள்ளிக்கிடையில முடிக்கலாம்."

நான் சொன்னேன். இப்திசாம் தலையாட்டி மறுத்தாள். "நீங்கள் தைத்தால் அது நீங்கள் சொன்ன பதில். ஃபதியா பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். கை மாறினால் கண்டுபிடித்துவிடுவாள்."

எனவே அவள் மட்டும் தைத்தாள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. தினமும் வந்ததால், வேலை முடிந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் தங்கினால் வீட்டில் கேட்பார்கள். என்னால் முடிந்தது ஊசியில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைப்பது. பழைய துளைகளிலேயே ஊசி போனதால் எண்ண வேண்டியிருக்கவில்லை. அக்கா, வாசலில் யாராவது நின்றால் இருமுவார். வியாழக்கிழமை அரியரத்தினம் அண்ணை வந்தார்.

"கொடி எப்பிடிப் போகுது?" என்றார்.

"உங்கட வாய்க்கு நான் ஒரு சிப் வைக்கப்போறன்" என்றார் அக்கா.

வெள்ளி மாலை ஆறு முக்கோணம் முடிந்திருந்தது. எட்டு இல்லை. அந்த எட்டு இடத்திலும் துளைகள். ஆவி பிடித்து மூடிப் பார்க்கலாம் என்று அக்கா சொன்னார். இப்திசாம் மாட்டேன் என்றாள். முன்பக்கம் ஆறு இருந்தால் போதுமாம். உடுப்பைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு போனாள். பேணி எங்கள் அலமாரியிலேயே இருந்தது. நான் கொடுக்க மறந்தேன், அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை கடையில் நான் மட்டும் இருந்தேன். அக்கா நூல் வாங்கப் போயிருந்தார். அறுபது வயதுக்குக் கிட்ட ஒரு பெண் வந்தார். தலையில் சாம்பல் நிறச் சீலை, விலையான குளிர்ச்சட்டை. வணக்கம் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு உடுப்பை எடுத்து மேசையில் போட்டார்.

கறுப்பு. நீலம். கீழே சிவப்பு ஆறு.

"இந்தச் சிவப்பை எடுக்க வேணும். இங்கே பிரிக்கும் வேலை செய்வீர்களா?"

 சுவாத். வேறு யார் இந்த உடுப்பை இப்திசாமிடமிருந்து எடுத்திருக்க முடியும்? சனிக்கிழமை என்ன நடந்தது? உடுத்திருந்தாளா, அதற்கு முன்பே பறித்துவிட்டார்களா?

"ஏன் பேசாமல் நிற்கிறாய்? முடியுமா, முடியாதா?"

"இது உங்கள் உடுப்பு இல்லை."

"யாருடையது?"

 அவர் மேசையில் சாய்ந்து என் முகத்தைப் பார்த்தார். "அரை மணி நேர வேலை. ஒரு பிளேடு போதும். வெளியே யாருக்கும் தெரியாது."

"மாட்டேன்" என்றேன். "ஒருமுறை நான் இதைப் பிரித்தேன். பதினான்கு இருந்தது. எல்லாவற்றையும் நான்தான் பிரித்தேன். இனிப் பிரிக்கமாட்டேன். நீங்கள் வேறு கடைக்குக் கொண்டுபோனால் நான் இப்திசாமிடம் சொல்லுவேன். அவள் சமையலறைக்கே போய்ச் சொல்லுவேன்."

என் வாழ்க்கையில் அன்னியர் ஒருவரிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல்.

அந்தப் பெண் அசையவில்லை. "நீயா பிரித்தாய்?"

"ஓம்."

"அவள் தானே பிரிக்கவில்லையா? சம்மதம் என்று தைத்துவிட்டு, பிறகு மனம் மாறிப் பிரித்து, பிறகு ஊருக்காகப் பாதியைத் திரும்பவும் தைக்கவில்லையா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆறு முக்கோணம் ஒரு பதில் சொன்னது. எட்டு இடத்துத் துளைகள் வேறொரு பதில் சொல்லிவிட்டன.

"நீங்கள் சுவாத் இல்லையா?"

"சுவாத்தா!" அவர் முகம் சுளித்தார். "நான் ஃபதியா. மருதாணியில் இந்த உடுப்பைப் பார்த்தேன். துளைகளையும் பார்த்தேன். கேட்டால், தையல் கடையில் தவறுதலாகப் பிரித்துவிட்டார்கள் என்கிறாள். யார் நம்புவது? தையல் கடைக்காரர் சொல்லாமல் எதையாவது பிரிப்பார்களா? என் தம்பிக்கு ஏற்கெனவே ஒருத்தி பாதி மனதோடு வந்து பாதியில் போனாள். இன்னொரு பாதி வேண்டாம். அதனால் உடுப்பைக் கழற்றித் தரச் சொன்னேன். நேராக வந்து கேட்டால் அவள் சொல்லிவைத்ததைத்தான் நீங்களும் சொல்லுவீர்கள். அதனால்தான் பிரிக்கச் சொல்லிப் பார்த்தேன்."

நான் அலமாரியிலிருந்து பேணியை எடுத்து மேசையில் வைத்தேன். மூடியில் இப்திசாமின் பெயரும் நான் பிரித்த தேதியும் இருந்தன.

ஃபதியா கண்ணாடி போட்டுக்கொண்டார். சிவப்புத் துண்டுகளைக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி, விரலால் பரப்பி, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சில துண்டுகளை வெளிச்சத்துக்குப் பிடித்தார். நெடுநேரம் எடுத்தது. வாசலில் கஜந்தி அக்கா நூல் பையோடு நிற்பதை அப்போதுதான் கண்டேன். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அக்கா அப்படியே நின்றார்.

"அறுத்திருக்கிறாய்" என்றார் ஃபதியா.

"பின்பக்கத்திலிருந்து. பிளேடால்."

"தைத்தவள் அறுக்கமாட்டாள். ஊசியின் காதுப் பக்கத்தால் வந்த வழியே உருவி எடுப்பாள். ஒரு இழை முழுதாக வரும். அதைச் சுற்றி வைத்துத் திரும்பத் தைப்பாள். இந்த நூலை எறிய எங்களில் ஒருத்திக்கும் மனம் வராது." ஒரு துண்டை ஊதித் தள்ளினார். "இது தையல் தெரிந்த, ஆனால் இந்தத் தையல் தெரியாத ஒரு கையின் வேலை."

"ஓம்" என்றேன்.

"ஏன் பிரித்தாய்?"

"கொடி என்று நினைத்தோம்."

ஃபதியா என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்காவின் பொட்டில் கண் கொஞ்சம் நின்றது. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"முதலில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

 அக்காதான் வாசலில் நின்றபடியே, "கேட்டிருக்கலாம்" என்றார். "நீங்களும்தான்."

ஃபதியா துண்டுகளைப் பேணிக்குள் போட்டு, ஒன்றும் மேசையில் ஒட்டியிருக்கவில்லை என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு மூடினார். உடுப்பைத் தலையணை உறைக்குள் மடித்து வைத்தார். அவர் மடித்த விதம் இப்திசாம் மடிப்பதுபோலவே இருந்தது, நெஞ்சுப் பக்கம் உள்ளே.

"இந்தப் பேணியை என் தம்பிக்குக் காட்டுவேன்" என்றார். "அவனுக்கு நீலமும் தெரியாது, சிவப்பும் தெரியாது. ரொட்டி மட்டும்தான் தெரியும். ஆனாலும் பார்க்கட்டும். மீதி எட்டையும் முடித்துக்கொண்டு நவம்பரில் ஹம்முக்கு வரச் சொல்லுகிறேன் அவளை." கதவருகே திரும்பினார். "இந்த உடுப்பு இனி இங்கே தனியாக இருக்காது. அதையும் சொல்லிவிடுவேன்."

அவர் போன பிறகு அக்கா நூல்கட்டைகளைத் தட்டில் அடுக்கினார். ஒரு சிவப்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "நீ நல்லாத்தான் வாயடிச்சிருக்கிறாய் போல" என்றார். "நான் தெரு முனையில வரேக்கையே கேட்டது."

"கேக்காது அக்கா. பொய்."

"சரி, வாசல்ல."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மஞ்சள் உறையும் வரவில்லை, அந்த்ராக்குக்குப் பதிலும் வரவில்லை. ஒன்றரை மணிக்கு இப்திசாம் வந்தாள். திரைப் பக்கம் போகவில்லை. ஸ்டூலை எடுத்து ஜன்னலோரம் போட்டு, ஃபதியா திருப்பிக் கொடுத்த உடுப்பை மடியில் விரித்து, ஏழாவது முக்கோணத்தைத் தொடங்கினாள். தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். அவள் சுவாத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னாள், நிதாலைப் பற்றிக் கொஞ்சம். அக்கா தேநீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். உடுப்பில் சிந்திவிடும் என்று தானே எடுத்துத் தூரமாகவும் வைத்தார்.

போகும் நேரம் வந்ததும் இப்திசாம் மீதி நூலை அளந்து சுற்றினாள். ஊசிகளை எண்ணினாள். உடுப்பைத் தலையணை உறைக்குள் வைத்து, உறையைக் கைப்பைக்குள் வைத்து, கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

"அடுத்த செவ்வாய் வருகிறேன்" என்றாள்.

உடுப்பை எங்களிடம் விட்டுப்போகவில்லை.